திறப்பு இருந்தும் ஓடாத கார்

வீட்டுத் திறப்புத் தொலைந்துபோனால் சந்தையடியில் திறப்பு வெட்டுபவரிடம் போகலாம். பெட்டித் திறப்புத் தொலைந்துபோனால் பூட்டை உடைத்துவிடலாம். ஆனால் திறப்பும் கையில் இருக்க, கதவும் திறந்திருக்க, ஏறி அமர்ந்த பின்னரும் ஓரடிதானும் நகர முடியாத நிலை ஒன்று உண்டு. அந்நிலை சென்ற மாரிகாலத்தில் நமக்கு வாய்த்தது. அதனால் நாம் கற்றுக்கொண்டவற்றை இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது நேரே பயன்படும். கார் இல்லாத வீட்டு மாணவர்களுக்கும் இதில் ஒரு கணக்குப் பாடம் இருக்கின்றது.

கார்த்திகை மாதம், கல்லடியில் மூன்று நாளாக விடாத மழை. நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் மாமியாருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. எழுபத்தெட்டு வயது, நெடுநாளாகத் தொய்வு நோய் உள்ளவர். வழக்கமாக உறிஞ்சும் மருந்தும் அன்று உதவவில்லை. வைத்தியசாலைக்குப் போவதாயின் வாவியைக் கடக்க வேண்டும். 1924ஆம் ஆண்டில் அமைந்த பழைய இரும்புப் பாலத்தில் எதிரே வண்டி வந்தால் காத்து நிற்க வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. 2013இல் அதனருகே அகன்ற புதுப்பாலம் திறந்தபின் அத்தொல்லையும் இல்லை. காரோ முற்றத்திலேயே நின்றது. ஆதலால் நாம் பெரிதாகப் பதற்றம் கொள்ளவில்லை. மனைவி தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துவர, நாம் குடையோடு முன்னே சென்று றிமோட்டின் பொத்தானை அழுத்தினோம்.

கார் பேசவில்லை. வழக்கமாக இரு முறை கீச்சிட்டு, மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக் கதவைத் திறந்துவிடும். அன்று ஒரு சிமிட்டலும் இல்லை. நெருங்கி நின்று அழுத்தினோம். கண்ணாடியோடு ஒட்டிவைத்து அழுத்தினோம். உள்ளங்கையில் தட்டிவிட்டு அழுத்தினோம். பயனில்லை. பின்னர் இரும்புத் திறப்பைக் கதவிற் செருகித் திருப்பினோம். கதவு திறந்தது, திறந்த கணமே ஊரெல்லாம் எழும்பும்படி சைரன் அலறிற்று. ஏறி அமர்ந்து இயந்திரத்தை முடுக்கினால், அது முனகவும் இல்லை. யாரோ கள்வன் புகுந்துவிட்டான் என்று கார் முடிவு செய்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக அதற்கு எண்ணெய் ஊற்றியும், சில்லு மாற்றியும், வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தும் பேணிவந்த உரிமையாளரே அந்தக் கள்வர்!

சைரன் ஓசை கேட்டு அயல்வீட்டுத் தம்பி ஓடிவந்தார். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவர். அவர் ஒன்றும் வினவவில்லை. திரும்பி ஓடித் தம் வண்டியைக் கொண்டுவந்து, மாமியாரை ஏற்றி, மழையினூடே பாலத்தைக் கடந்து வைத்தியசாலையிற் சேர்த்தார். ஒட்சிசன் கொடுத்தார்கள்; மூச்சு இலகுவாயிற்று. நான்காம் நாள் அவர் நலமாக வீடு திரும்பினார். ஆயினும் அன்று கடமையிலிருந்த வைத்தியர், “இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கடினமாகியிருக்கும்” என்று கூறிய சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அயலவர் வீட்டில் இல்லாதிருந்தால்? அவரது வண்டி பழுதாகியிருந்தால்? பெருவிரலளவு பிளாத்திக்குத் துண்டொன்றை நம்பி ஓர் உயிரை நிறுத்தியிருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள் முதல் அந்தத் துண்டுக்கு மாற்றுத் தேடும் படலம் தொடங்கியது. அந்தக் காரை விற்கும் நிறுவனமொன்றை அணுகினோம். “இது காரோடு வந்த அலாரம் அன்று, பின்னர் யாரோ பொருத்தியது, எமக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்றனர். அவர்கள் கூறியது உண்மையே. யப்பானில் 1990களில் உருவான நமது காருக்குப் பிறவியிலே அலாரம் இல்லை. கொழும்பில் இருந்த முதல் உரிமையாளர் வெளியே ஒரு கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். கடையின் பெயரும் இல்லை, விளக்கப் புத்தகமும் இல்லை. றிமோட்டின் முதுகிலே தேய்ந்துபோன எழுத்துக்கள் சில மட்டுமே எஞ்சியிருந்தன.

நம்மைப் போன்றவர் இந்நாட்டிற் பலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழிதிறந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புதிய வண்டி வரவில்லை. திறந்த பின்னரும் வரியும் விலையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவனவாக இல்லை. ஆகவே இருபது, முப்பது வயதுக் கார்களும் வான்களும் இன்னும் குடும்பப் பொறுப்பைச் சுமந்து ஓடுகின்றன. இயந்திரத்தையும் சில்லையும் திருத்த ஊருக்கு ஊர் ஆள் உண்டு. உள்ளே மறைந்திருக்கும் பழைய அலாரத்தைத்தான் எவரும் நினைப்பதில்லை, அது ஒருநாள் வாயைத் திறக்கும் வரை. அல்லது நம்முடையதைப் போல வாயை மூடும் வரை.

அடுத்ததாக, உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் நமது பழைய றிமோட்டைக் காட்டினோம். கடைக்காரர் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதே நிறம், அதே வடிவம், அதே நான்கு பொத்தான்கள் உடைய புதியதொன்றை எடுத்துத் தந்தார். “இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்றார். பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு வந்தோம். காருக்கு அது பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பொதி பிரித்ததை வாங்குவதில்லை என்று கூறிவிட்டார். அவர்மேற் குறை கூறிப் பயனில்லை. உருவம் ஒன்றானால் பொருளும் ஒன்றென்று எண்ணியது நமது பிழை.

கடைசியாக ஒரு நண்பர், ஆரையம்பதிப் பக்கத்தில் சிறிய திருத்தகம் நடத்தும் ஒருவரிடம் அனுப்பினார். வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி திருத்திப் பழகி, இன்று வண்டிகளின் மின்வேலை பார்ப்பவர். அவர் நமது றிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சேர், இது வாங்கிற சாமான் இல்ல, அறிமுகப்படுத்திற சாமான்” என்றார். முதலில் அது விளங்கவில்லை. பின்னர் அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் படித்தறிந்ததையும் சேர்த்துக் கீழே தருகின்றோம்.

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பர். நிலாக்காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தருகில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் அவ்விசை கேட்கும் என்பது நம் முன்னோர் வழக்கு. கரையில் நிற்பவனுக்கு அது கேட்பதில்லை; உரிய இடத்தில், உரிய முறையிற் காது கொடுத்தவனுக்கே கேட்கும். காரின் அலாரமும் அத்தகையதே. முகப்புப் பலகையின் கீழே ஒளிந்திருக்கும் சிறு பெட்டி, இரவு பகலாகக் காது கொடுத்துக்கொண்டே இருக்கின்றது. ஆனால் குறித்த ஓர் அலையில், தான் அறிந்த ஒரு பாட்டு வந்தால் மட்டுமே அது கதவைத் திறக்கும்.

முதலாவது, அலை. றிமோட் ஒரு சிறிய வானொலி நிலையம். அதன் மீடிறன் ஐரோப்பிய வழக்கிற் பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளின் வழக்கில் 315 மெகாஹேர்ட்ஸ். பல நாடுகளிலிருந்தும் பொருள்கள் வரும் நம் நாட்டில் இரண்டையும் காணலாம். இலங்கை வானொலியின் ஓர் அலைவரிசையில் முள்ளை வைத்துவிட்டு வேறோர் அலைவரிசைப் பாட்டை எதிர்பார்ப்பது எவ்வாறோ, அவ்வாறே 315இல் பாடும் றிமோட்டை 433.92இல் கேட்கும் பெட்டிக்கு வாங்கிக்கொடுப்பதும். நாம் முதலில் வாங்கியது இந்த ஒரு காரணத்தாலேயே தோற்றது.

இரண்டாவது, பாட்டு. மிகப் பழைய அலாரங்களில் பாட்டு என்றும் மாறாதது. றிமோட்டினுள்ளே உள்ள சிறிய சிப்பின் கால்கள் ஒவ்வொன்றையும் மேல்மின்னோடு இணைக்கலாம், கீழ்மின்னோடு இணைக்கலாம், அல்லது எதனோடும் இணைக்காமல் விடலாம். ஆகக் காலொன்றுக்கு மூன்று நிலைகள். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: பன்னிரண்டு கால்களாயின் மூன்றைப் பன்னிரண்டு முறை பெருக்க 5,31,441 வேறுவேறு பாட்டுக்கள் கிடைக்கும். ஆனால் நான்கு கால்களைப் பொத்தான்களுக்கு ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது எட்டு. அப்போது 6,561 பாட்டுக்களே. இவ்வகை றிமோட்டுக்கு மாற்றுச் செய்வது எளிது. பழையதைத் திறந்து எந்தக் கால் எதனோடு பற்றாசு வைத்து இணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, புதியதிலும் அவ்வாறே இணைத்துவிட்டால் போதும். இன்று கடைகளில் விற்கும் ‘பிரதி எடுக்கும்’ றிமோட்டுக்களும் இந்த மாறாப் பாட்டைக் கேட்டு மனனம் செய்து ஒப்பிப்பனவே.

எளிதாகப் பிரதி எடுக்கக்கூடியது என்பதன் மறுபக்கம், கள்வனும் எளிதாகப் பிரதி எடுக்கலாம் என்பதே. இதனாலேதான் மாறும் பாட்டு வந்தது. ‘கீலொக்’ எனப்படும் முறை தென்னாபிரிக்காவில் 1980களின் நடுப்பகுதியில் உருவாகியது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதனை வாங்கி உலகெங்கும் பரப்பியது. பல அலாரங்களும் வாயிற்கதவுகளும் இம்முறையில் இயங்கின. இதிலே றிமோட்டுக்குள் ஓர் எண்ணி இருக்கின்றது. பொத்தானை அழுத்துந்தோறும் அது ஒன்று கூடும். அந்த எண்ணை இரகசியத் திறவுகோல் ஒன்றால் உருமாற்றி அனுப்புவதால், இன்று பாடிய பாட்டு நாளை வராது. உருமாறிய பகுதிக்கு மட்டும் 429 கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. காரிலுள்ள பெட்டியும் அதே கணக்கைத் தன்பக்கம் போட்டுப் பார்த்து, “ஆம், அடுத்து வரவேண்டியது இதுதான்” என்று கண்டால் மட்டுமே திறக்கும்.

அவ்வாறாயின், பேரப்பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கணக்கும் பிசகாதோ என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் ஏற்பாடு செய்திருக்கின்றனர். கீலொக் வழக்கில் எண் பதினாறுக்குட்பட்டு முந்தியிருந்தால் பெட்டி பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேலும் முந்தியிருந்தால், அடுத்தடுத்து இருமுறை அழுத்தியதும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆகவே கார் ஒருமுறை கேளாவிடில் மறுமுறையும் அழுத்துக என்று பெரியவர்கள் கூறுவது மூடநம்பிக்கை அன்று.

மாறும் பாட்டுடைய றிமோட்டைப் பிரதி எடுக்கும் கருவியால் ஏமாற்ற முடியாது. சிப்பு ஒரே வகையாக இருந்தாலும், செய்த நிறுவனத்தின் இரகசிய எண் வேறாயின் பெட்டி அதனை ஏற்காது. ஆதலின் இத்தகைய அலாரத்துக்கு, அதே நிறுவனத்தார் அதே வரிசைக்குச் செய்த றிமோட்டையே தேடுதல் வேண்டும். தேடிக்கொண்டபின் அதனைப் பெட்டிக்கு அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். ஆரையம்பதி அன்பர் கூறியதன் பொருள் அப்போதுதான் நமக்குத் துலங்கியது. கல்யாண வீட்டு வாயிலில் நிற்பவருக்கு முன்பின் அறியாத விருந்தினரை வீட்டுக்காரர் கைபிடித்துக் காட்டுவது போன்ற காரியம் இது.

அன்பர் நமது பழைய றிமோட்டை முறையாகவே சோதித்தார். முதலில் பற்றரி. விரலின் ஒரு கணுவளவே இருக்கும் அந்த 12 வோல்ற்றுப் பற்றரிக்குள் 1.5 வோல்ற்றுச் சிறு கலங்கள் எட்டு அடுக்கப்பட்டிருக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி. றிமோட்டின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிவதைக்கண்டு பற்றரி நன்றாயிருப்பதாக நினைத்தல் தவறு; விளக்கெரியப் போதிய மின் அலையை அனுப்பப் போதாதிருக்கலாம். புதிய பற்றரி இட்டார், பயனில்லை. பின்பு மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சை படிந்த களிம்பு. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் கல்லடியின் உப்புக்காற்றும், கசிந்த பழைய பற்றரியும் சேர்ந்து சுற்றுப்பலகையின் செம்புக் கோடுகளைத் தின்றுவிட்டிருந்தன. இரு மாதங்களாகவே நாம் பொத்தானை மும்முறை நான்குமுறை அழுத்திக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அது நோயின் அறிகுறி. அறிகுறியைப் பொருட்படுத்தாதிருந்தது நாமே.

பழையதைப் பிழைக்கவைக்க முடியாது என்று கண்டபின், சிப்பின் பெயரையும், மீடிறனையும், முதுகிலிருந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் தமது தொடர்பாளருக்குத் தெரிவித்தார். எட்டாம் நாள் உரிய றிமோட்டுக்கள் இரண்டு வந்து சேர்ந்தன. அவர் நமது முற்றத்துக்கே வந்தார். காரின் முகப்புப் பலகையின் கீழே, உருகிப் பெட்டியருகே கையைவிட்டுத் தடவி, சுண்டுவிரல் நுனியளவு கறுத்தப் பொத்தான் ஒன்றைக் காட்டினார். பதினான்கு ஆண்டுகளில் நாம் ஒருமுறைகூடக் கண்டிராத பொத்தான்.

“இதற்குப் பெயர் ‘வலே’ ஆளி” என்றார். விடுதிகளில் வண்டியை நிறுத்திவைக்கும் பணியாளரிடம் கொடுக்கும்போது, றிமோட்டைக் கொடாமலே அலாரத்தை உறங்கவைப்பதற்கென அமைத்தது. அப்பணியாளரின் பெயரே ஆளிக்கும் ஆயிற்று. றிமோட் தொலைந்தாலோ இறந்தாலோ உரிமையாளர் தம்மை மெய்ப்பித்துக்கொள்ளும் வழியும் பெரும்பாலான அலாரங்களில் இதுவே. இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து, இயந்திரத் திறப்பைத் திருப்பி நிறுத்தி, குறித்த சில விநாடிகளுக்குள் இதனை அழுத்தினால் சைரன் அடங்கும், இயந்திரமும் இசையும். எத்தனை முறை அழுத்துவது என்பது வகைக்கு வகை வேறுபடும். நமது காருக்கு ஒரேயொரு முறை.

அவர் செய்துகாட்டினார். திறப்பைத் திருப்பினார், பொத்தானை அழுத்தினார். அலறிய சைரன் நடுச்சொல்லில் நின்றது. இயந்திரம் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. நாம் வாய்பேசாமல் நின்றோம். அந்த மழையிரவில் நமது இடது முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது விடை. பத்து விநாடி வேலை. அதனை அறியாமையால் ஒரு முதியவரின் மூச்சைப் பணயம் வைத்தோம்.

அன்பர் அத்துடன் நிற்கவில்லை. அதே ஆளியைக் குறித்த முறையில் அழுத்திப் பெட்டியைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். சைரன் ஒருமுறை கீச்சிட்டது. புதிய றிமோட்டை அழுத்த மீண்டும் கீச்சிட்டது. இரண்டாவதையும் அவ்வாறே அறிமுகம் செய்தார். ஆனால் அதற்கு முன்னர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: “சேர் கார் வாங்கக்குள்ள எத்தனை றிமோட் தந்தவங்க?” ஒன்று என்றோம். “அப்ப மற்றது எங்க?”

இத்தகைய அலாரங்களைக் கடையில் பொருத்தும்போது இரண்டு றிமோட் கொடுப்பதே வழக்கம். பெட்டிகள் பலவும் நான்கு றிமோட்டுவரை நினைவில் வைத்திருக்க வல்லன. முன்னைய உரிமையாளரின் மேசை இழுப்பறையிலோ, அவர்தம் சாரதியிடமோ, குப்பை மேட்டிலோ மற்றது கிடந்திருக்கலாம். அதனை வைத்திருப்பவருக்கு நமது காரின் கதவு பதினான்கு ஆண்டுகளாகத் திறந்தே இருந்தது! நல்லவேளையாக எவரும் திறக்கவில்லை. அன்பர் முதலில் பெட்டியின் பழைய நினைவு முழுவதையும் அழித்தார். பின்னரே புதிய இரண்டையும் கற்பித்தார். வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது பூட்டை மாற்றுகின்றோம். பழைய கார் வாங்கும்போது அவ்வாறு செய்ய எவருக்கும் தோன்றுவதில்லை.

எல்லாருக்கும் இத்தகைய முடிவு கிடைக்கும் என்று கூறமுடியாது. செய்த நிறுவனமே மறைந்துபோயிருக்கலாம். காரிலுள்ள பெட்டியே பழுதாகியிருக்கலாம். அப்போது பழைய பெட்டியை அகற்றிவிட்டுப் புதிய அலாரம் பொருத்துவதே சிக்கனம். புதியதோடு இரண்டு றிமோட்டும் விளக்கப் புத்தகமும் வரும். வேண்டாமெனின் அலாரமே இன்றியும் ஓட்டலாம். எது செய்யினும் ஓர் எச்சரிக்கை. அலாரத்தைப் பொருத்தியவர், இயந்திரத்தை முடுக்கும் கம்பியை இடையில் வெட்டி, அதிலே ‘றிலே’ எனும் மின்வாயிலை அமைத்திருப்பார். பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் சில அமைப்புகளில் அந்த வாயில் மூடியபடியே நின்றுவிடும், கார் ஓடாது. வெட்டிய முனைகளைக் கையால் முறுக்கி நாடா சுற்றிவிட்டால் இன்று ஓடும். ஒருநாள் சூடேறிப் புகையும். தடித்த மின்னைத் தாங்கும் கம்பி அது. பற்றாசு வைத்து உரிய முறையில் இணைக்கத் தெரிந்தவரே அதைத் தொடவேண்டும்.

மாறும் பாட்டும் வெல்லமுடியாத கோட்டை அன்று. 2008ஆம் ஆண்டில் யேர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர், கீலொக் சிப்பு வேலை செய்யும்போது அது உண்ணும் மின்னின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் இரகசியத்தை வெளிக்கொணர முடியும் என்று காட்டினர். இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. சாதாரண கள்வன் ஆய்வுகூடத்தோடு வருவதில்லை, கல்லோடு வருவான். ஆயினும் சைரன் இருக்கின்றதென்று காருக்குள் பணப்பையையும் காணி உறுதியையும் விட்டுச்செல்லும் பழக்கம் நன்றன்று.

இனி, பழைய அலாரமுள்ள வண்டி வைத்திருப்போர் இன்று மாலையே செய்யத்தக்க காரியங்கள் சில உள. றிமோட்டின் முதுகிலுள்ள எண்ணையும் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். எழுத்துத் தேயுமுன் கைபேசியிற் படமும் எடுத்துக்கொள்ளலாம். பற்றரியை ஆண்டுக்கொருமுறை, மாரி தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். ஒரே றிமோட்தான் இருக்குமாயின், அது உயிரோடிருக்கும்போதே இரண்டாவதைத் தேடி அறிமுகம் செய்துவிட வேண்டும். பழையது கையில் இருந்தால் இனங்காண்பது எளிது. எல்லாவற்றிலும் முதன்மையாக, அந்த ஆளி எங்கே இருக்கின்றதென்று தேடிக் கண்டுபிடித்து, வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை செய்துபார்க்க வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் அனைவரும் அதனை அறிந்திருக்க வேண்டும். அயலவர் அறியவேண்டியதில்லை.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இன்னும் ஒன்று. சில றிமோட்டுக்களில் காசுபோன்ற தட்டைப் பற்றரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயிற் சிக்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கவல்லது. கழற்றிய பழைய பற்றரியையும் மேசைமேல் விட்டுவைக்கலாகாது. விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே, வாந்தியெடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

மாமியார் இப்போது வாசல் திண்ணையில் அமர்ந்து வெயில் காய்கின்றார். புதிய றிமோட் வந்த மறுநாள் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச்செல்லக் காரைத் திறந்தோம். கார் இரு முறை கீச்சிட்டுக் கண் சிமிட்டிற்று. அவர் படியில் நின்றபடியே சிரித்து, “இப்பயாவது உங்கட காருக்கு உங்களத் தெரியுதா மனே?” என்று கேட்டார்.

தெரிகின்றது என்றோம். தெரியாமற்போனாலும் என்ன செய்வதென்று நமக்கு இப்போது தெரியும் என்று கூறி, அந்தச் சிறிய கறுத்தப் பொத்தானை அவருக்கும் காட்டினோம்.